அயர்லாந்தில் எட்டு நாள்: எந்தக் கல்லறை, எந்தக் கோட்டை, எதை விட்டுவிடலாம்

செப்டம்பர் கடைசியில் மனைவி, பத்து வயது மகனோடு எட்டு நாள் அயர்லாந்து வருகிறோம், கார் வாடகைக்கு எடுக்கிறோம், வரலாற்றுக்கு முந்தைய கல்லறைகளும் கல்கோட்டைகளும்தான் முக்கியம், மற்ற டூரிஸ்ட் இடங்கள் பற்றிக் கவலையில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே பதினொரு இடங்களின் பட்டியல். டப்ளினில் ஆரம்பித்து பாய்ன் பள்ளத்தாக்கு, வடக்கே டொனிகால், மேற்கே ஸ்லைகோ, கிளேர், அரான் தீவு, தெற்கே கெர்ரி, மறுபடி டப்ளின். நிறைய படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறீர்கள், ஒரு இடம்கூட மோசமில்லை. ஆனால் இந்தப் பட்டியலோடு வந்தால் எட்டு நாளில் பாதிக்கு மேல் காருக்குள்தான் கழியும்.

மேப்பில் பார்த்தால் சின்ன நாடு, உண்மைதான். நல்ல நெடுஞ்சாலைகள் எல்லாம் டப்ளினிலிருந்து கிளம்புபவை. மேற்குக் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே இறங்க ஆரம்பித்தால் சாலை சுருங்கிவிடும். இரண்டு பக்கமும் கல் சுவர் அல்லது புதர்வேலி, எதிரே டிராக்டர், நடுவில் புல் முளைத்த சந்து. கூகுள் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள், கால்வாசி கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது இதுதான்: இரண்டு பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே பாய்ன் பள்ளத்தாக்கும் லாக்ரூவும், மேற்கே பர்ரனும் அரானும். கெர்ரியையும் டொனிகாலையும் தயங்காமல் அடித்துவிடுங்கள். ஸ்லைகோவை மட்டும் பென்சிலில் எழுதி வையுங்கள், ஒரு நாள் மிச்சமானால் பார்க்கலாம். இந்தக் கல்லறைகளைத் தனித்தனிக் கட்டடமாக நினைத்தால் பத்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிடும், பையன் “இன்னொரு கல் குவியலா?” என்று கேட்பான். எந்தக் குன்றிலிருந்து எந்தக் குன்று தெரிகிறது, ஆறு எங்கே வளைகிறது, சூரியன் எங்கே உதிக்கிறது என்று பார்த்துத்தான் அவர்கள் இடம் தேர்ந்திருக்கிறார்கள். அதற்கு ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று நாள் சுற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம், உங்கள் கேள்வியில் கல்லறையும் கோட்டையும் ஒரே காலத்து ஆட்கள் கட்டியவை போல ஒரு தொனி இருந்தது. அப்படியில்லை. பாய்ன் பள்ளத்தாக்கின் பெரிய கல்லறையான நியூகிரேஞ்ச் கி.மு. 3200 வாக்கில் கட்டியது. கீழடிக்கு நாம் சொல்லும் கி.மு. ஆறாம் நூற்றாண்டோடு ஒப்பிட்டால் அதற்கும் 2600 வருடம் முந்தையது, இரும்பு என்ன, வெண்கலமே இங்கே வராத காலம். நம் ஊர்க் கல்திட்டைகள், கல்வட்டங்களில் பெரும்பாலானவை இரும்புக் காலத்தவை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வயதில் பெரிய வித்தியாசம். கல்கோட்டைகளோ பெரும்பாலும் கி.பி. கணக்கு. பர்ரனில் நீங்கள் பார்க்கப்போகும் காஹர்கானல் கோட்டை பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, ராஜராஜன் பெரிய கோயில் எழுப்பிய காலத்துக்குக் கொஞ்சம்தான் முன்னே. அரானில் இருக்கும் டூன் ஏங்கஸ்தான் விதிவிலக்கு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பாய்ன். நியூகிரேஞ்ச், நவுத், டவுத் என்று மூன்று பெரிய மேடுகள், ஆற்று வளைவுக்குள். 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நியூகிரேஞ்சுக்கு நேராகக் கார் ஓட்டிப்போய் நிறுத்த முடியாது. ஆற்றுக்குத் தெற்கே பார்வையாளர் மையம், அங்கே டிக்கெட், அங்கிருந்து அவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். டிக்கெட்டில் வகைகள் உண்டு, எல்லா டிக்கெட்டும் அறைக்குள் விடாது. உள்ளறைக்குச் செல்லும் டிக்கெட் என்று பார்த்து ஆன்லைனில் எடுங்கள், விற்பனை திறந்த உடனேயே எடுங்கள். நேரில் வந்து கேட்டுப் பார்க்கலாம் என்று வந்து ஏமாந்துபோன நம் ஆட்கள் பலரைத் தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது? 85 மீட்டர் குறுக்களவுள்ள மேடு, அதைச் சுற்றி 97 பெரிய கற்கள், ஆனால் நடைவழி வெறும் 19 மீட்டர். பையை வெளியே வைத்துவிட்டு, சில இடங்களில் குனிந்து, சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பி, கல்லில் உடம்பு உரசாமல் போக வேண்டும். தரை மெல்ல மேலேறும், நடக்கும்போது தெரியாது. அறைக்குள் போய் நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் ஆறு மீட்டர் உயரத்துக்குத் தட்டைக் கற்கள், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி, கடைசியில் ஒரே கல்லால் மூடியிருக்கும். சாந்து கிடையாது. 5000 வருடமாக இந்த மழை நாட்டில் ஒழுகவில்லை. மழைநீர் வழிந்தோட மேற்கற்களில் வாய்க்கால் வெட்டி, இடுக்குகளில் எரித்த மண்ணையும் கடல் மணலையும் அடைத்திருக்கிறார்கள். அந்த எரித்த மண்ணில் கிடைத்த கரியை வைத்துத்தான் கட்டடத்தின் காலத்தைக் கணக்கிட்டார்கள். அப்புறம் வழிகாட்டி விளக்கை அணைத்து, வருடத்திலேயே பகல் மிகக் குறுகிய நாளான டிசம்பர் 21-ஐ ஒட்டி உதயச் சூரியன் எப்படி நுழையும் என்று மின்விளக்கால் காட்டுவார். ஒளி வாசல் வழியாக வருவதில்லை. வாசலுக்கு மேலே தனியாக ஒரு கல் சாளரம் இருக்கிறது. அறையின் தரை அந்தச் சாளரத்தின் மட்டத்துக்குச் சரியாக இருக்கத்தான் நடைவழி மேலேறுகிறது. அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓ’கெல்லி 1967 டிசம்பர் 21 காலையில் உள்ளே காத்திருந்து இதைக் கண்ணால் பார்த்தார். வெளிச்சம் 17 நிமிடம் நிற்கும். அந்த நாட்களில் உள்ளே இருக்கக் குலுக்கல் நடக்கும், பல்லாயிரம் பேர் பெயர் கொடுப்பார்கள். நீங்கள் வரும் மாதத்துக்கு அந்தப் பேச்சே இல்லை, மின்விளக்குதான், ஆனாலும் நன்றாகவே இருக்கும். மூடிய இடத்தில் மூச்சு முட்டும் என்பவர்கள் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள்.

வெளியே பளிச்சென்று நிற்கிறதே வெள்ளைச் சுவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வெண்கற்கள் அசல்தான், தெற்கே விக்லோ மலைப் பக்கமிருந்து அன்றைக்கே கொண்டுவந்தவை. ஆனால் அவை மேட்டுக்கு முன்னால் தரையில் சிதறித்தான் கிடந்தன. ஒரு காலத்தில் சுவராக நின்று சரிந்திருக்க வேண்டும் என்று ஓ’கெல்லி முடிவுசெய்து, பின்னால் கான்கிரீட் கொடுத்து நிறுத்தினார். பக்கத்தில் நவுத்திலும் அதே மாதிரி கற்கள் கிடந்தன. அங்கே அகழாய்வு செய்த ஜார்ஜ் ஓகன் அவற்றைத் தரையிலேயே, வாசல் முன்னால் பரப்பியபடி விட்டுவிட்டார். ஒரே கல், ஒரே ஊர், இரண்டு அறிஞர், இரண்டு முடிவு. எனக்கு ஓகன் செய்ததுதான் சரியாகப் படுகிறது, ஆனால் டூரிஸ்ட் போஸ்டரில் வருவது என்னவோ வெள்ளைச் சுவர்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது, விடாதீர்கள்.

நவுத்தில் நடைவழிக்குள் விடமாட்டார்கள். ஆனால் மேட்டின் உச்சியில் ஏறலாம், சுற்றிலும் குட்டிக் கல்லறைகள், மேட்டைச் சுற்றிய கற்களில் சுருள், பிறை, அலை, சதுரம் என்று செதுக்கல். மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்காலச் செதுக்கல்களில் கணிசமான பங்கு இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. பையனுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டால் போதும், ஒரு மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டான். டவுத்தை யாரும் சீரமைக்கவில்லை. 1847-இல் தோண்டிக் குழியாக்கி விட்டுப்போன மேடு அப்படியே புல் முளைத்து, மேலே ஆடு மேய்ந்துகொண்டிருக்கும், டிக்கெட் கிடையாது. திரும்பும் வழியில் பத்து நிமிடம் இறங்கிப் பாருங்கள், மற்ற இரண்டும் தோண்டுவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

2020-இல் டிரினிட்டி கல்லூரி ஆட்கள் இந்தக் கல்லறைகளின் எலும்புகளில் மரபணு ஆய்வு செய்தார்கள். நியூகிரேஞ்ச் அறையில் புதைந்திருந்த ஒருவரின் தாய் தந்தை இருவரும் உடன்பிறந்தவர்கள், இல்லையென்றால் பெற்றோரும் பிள்ளையுமான உறவு என்று தெரியவந்தது. சாதாரண ஆட்களுக்கு எந்தச் சமூகமும் அனுமதிக்காத உறவு. எகிப்து அரசர்கள் மாதிரி தன்னைத் தெய்வமாக நினைத்த ஒரு ஆளும் குடும்பம் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது, அவருடைய தூரத்து உறவினர்கள் ஸ்லைகோவின் காரோமோர், காரோகீல் கல்லறைகளில் கிடைத்தது. தீவின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சொந்தபந்தம்.

லாக்ரூ அங்கிருந்து மேற்கே, ஓல்ட்காசில் என்ற சின்ன ஊருக்குப் பக்கம். பஸ், மையம், காபிக் கடை என்ற ஏற்பாட்டுக்கெல்லாம் நேர் எதிர். கார் நிறுத்துமிடத்திலிருந்து செங்குத்தான புல்வெளியில் இருபது நிமிட ஏற்றம், மேலே கல்குவியல்கள். ஒரு கிழவி மடியில் கல்லை அள்ளிக்கொண்டு குன்றுக்குக் குன்று தாவியபோது சிந்திய கற்கள் இவை என்பது ஊர்க்கதை. அவள் உட்கார்ந்த நாற்காலி என்று ஒரு பெரிய கல்லையும் காட்டுவார்கள். முக்கியமான கல்லறையின் உள்ளே பின்சுவர்க் கல்லில் சூரியன் மாதிரி செதுக்கல்கள், பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் காலை வெளிச்சம் அதன்மேல் விழும். நீங்கள் செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டி வந்தால் ஏழு மணிக்குக் கொஞ்சம் பின்னால் உதயம், மேலே ஏற்கனவே ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். கட்டுமானம் பலவீனமாகிவிட்டதால் சில வருடங்களாக உள்ளே விடுவதில்லை, கம்பிக் கதவு வழியாகத்தான் பார்க்க வேண்டும். அப்படியும் போகச் சொல்வேன். அங்கிருந்து நாலாபக்கமும் தெரியும் பரப்பைப் பார்த்தால், ஏன் இந்த உச்சி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேற்கே பர்ரன். கிளேர் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குச் சுண்ணாம்புப் பாறைத் தளம், இடையிடையே ஆழமான வெடிப்பு, வெடிப்புக்குள் பூச்செடி. அதன் நடுவில் சாலையோரமாக புல்நாபிரோன். நம் கல்திட்டையைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை: நிற்கும் கற்கள், மேலே சாய்வாக ஒரு மூடுகல். 1985-இல் ஒரு கல்லில் விரிசல் கண்டதால் மறு வருடம் ஆன் லின்ச் தலைமையில் அகழாய்வு நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள், கி.மு. 3800-இலிருந்து 3200 வரை பல தலைமுறையாக வைத்தவை. பெரும்பாலோர் முப்பது வயதுக்குள் இறந்தவர்கள், பாரம் சுமந்து தேய்ந்த மூட்டுகள், ஒருவரின் இடுப்பெலும்பில் கல்லாயுதத்தின் நுனி குத்தியபடி. நான் மேலே சொன்ன அதே மரபணு ஆய்வில், இங்கே கிடைத்த ஒரு கைக்குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது தெரிந்தது. அந்தக் குழந்தையையும் எல்லோரோடும் இங்கேயே வைத்திருக்கிறார்கள். இந்த விவரங்களைத் தெரிந்துகொண்டு போனால் அந்த நாலு கல்லைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். மதியம் டூர் பஸ்கள் வரிசை கட்டும், அதனால் காலை எட்டு மணிக்கு அல்லது சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். டிக்கெட், கேட் எதுவும் இல்லை.

இந்த மாதிரிக் கல்திட்டைகளை இங்கே கிராமத்து ஜனங்கள் ‘டியர்முட், கிரானியா படுத்த கட்டில்’ என்பார்கள். கிழட்டுத் தலைவனுக்கு நிச்சயித்த பெண்ணும் அவள் காதலனும் நாடெங்கும் ஓடி ஒளிந்தபோது இரவுக்கு ஒன்றாகக் கட்டிப் படுத்தார்களாம். நம் ஊரில் வனவாசத்தில் பாண்டவர் தங்கிய வீடு என்கிறோமே, அதே கதைதான். ஓடி ஒளிந்தவர்கள் கணக்கில் எழுதிவிட்டால் ஊருக்கு ஊர் இருப்பதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது!

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் காஹர்கானல். இது ஒரு குடும்பம் நடத்தும் இடம், ஆட்டு நாய்கள் மந்தையை ஓட்டும் காட்சியும் உண்டு, பையனுக்கு அதுதான் பிடிக்கும், எனக்கும்தான். இந்த மாதிரி வட்டக் கோட்டைகளைப் பார்த்து நம் செஞ்சி மாதிரி எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவை வசதியான ஒரு குடும்பம் தன் வீட்டையும் மாட்டையும் பாதுகாக்கக் கட்டிய மதில். அந்தக் காலத்து அயர்லாந்தில் சொத்து என்றால் மாடு, சண்டை என்றால் மாடு ஓட்டிப்போவது; அவர்களுடைய பழைய வீரகாவியமே ஒரு காளைக்காக நடந்த படையெடுப்பு. வெட்சி, கரந்தை படித்த நமக்கு இதை இங்கிலாந்துக்காரர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ள முடியும். ஆள் நடமாட்டம் இல்லாத கோட்டை வேண்டும் என்றால் காஹர்காமன் போங்கள்: மூன்று மதில், பள்ளத்தாக்கின் விளிம்பில், கொஞ்சம் நடை. பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

தங்க இடம் தேடும்போது ஒன்று கவனியுங்கள். லிஸ்டூன்வார்னா என்ற ஊரில் செப்டம்பர் முழுக்க வரன் பார்க்கும் திருவிழா, நிஜமாகவே தரகர் உண்டு, கூடவே பாட்டும் ஆட்டமும் குடியும். வாரக் கடைசியில் சுற்றுவட்டாரத்தில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் தூக்கம் கிடைக்காது. பாலிவான் பக்கம் பாருங்கள்.

இப்போது அரான். இனிஷ்மோர் தீவில் டூன் ஏங்கஸ். நான் ஒரே ஒரு கோட்டை பார்க்கச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். அரைவட்டமாக அடுத்தடுத்து மதில்கள், அவற்றின் முனைகள் கடலுக்கு மேலே கிட்டத்தட்ட 90 மீட்டர் செங்குத்துப் பாறையில் போய் முடியும். வெளியே கூரான கற்களை நெருக்கமாக நட்டு வைத்த பட்டை, அதற்குள் ஓடி வர முடியாது, காலைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். 1990-களில் கிளேர் காட்டர் நடத்திய அகழாய்வில் கி.மு. 1100 வாக்கிலேயே இங்கே மதில் இருந்தது உறுதியானது. வெண்கல ஆயுதம் வார்க்கும் களிமண் அச்சுகளும் கிடைத்தன. ஆனால் இப்போது நீங்கள் பார்க்கும் உயரமான மதில் பின்னால், கிறித்துவம் வந்த காலத்தில் எடுத்துக் கட்டியது, 1880-களில் பழுதும் பார்த்தது. அதனால் ‘3000 வருடப் பழைய சுவர்’ என்று படத்துக்குக் கீழே எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். விளிம்பில் கம்பி வேலி கிடையாது. படுத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, பையனோடு போகிறீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று பலமாக அடித்தால் விளிம்புப் பக்கமே வேண்டாம்.

பகலில் போய்ப் பகலில் திரும்பாமல் தீவில் ஒரு இரவு தங்குங்கள். காலையில் திறந்த உடனே மேலே போய்விட்டால் முதல் படகுக் கூட்டம் வருவதற்குள் பார்த்து முடிக்கலாம். மதியம் சைக்கிளில் டூன் டூகஹர் போங்கள், கறுப்புக் கோட்டை என்பார்கள், அதே மாதிரி பாறை விளிம்பு, கூட்டம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. படகு டூலினிலிருந்தும் உண்டு, கால்வே பக்கத்து ராஸவீலிலிருந்தும் உண்டு. பர்ரனில் தங்கியிருப்பவர்களுக்கு டூலின் பக்கம்தான், ஆனால் கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் அந்தப் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவில் ஒரு நாளாவது விட்டுவையுங்கள்.

நான் அடித்தவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். கெர்ரியின் ஸ்டேக் கோட்டை அழகு, மதிலின் உட்புறம் எக்ஸ் வடிவில் ஏறும் படிகள் வேறெங்கும் இவ்வளவு சுத்தமாக இல்லை. ஆனால் அதற்காகப் போகவர இரண்டு நாள். டொனிகாலின் கிரீனான் கோட்டை குன்றின் உச்சியில், இரண்டு பக்கமும் கடல் நிலத்துக்குள் புகுந்திருப்பது தெரியும். 1101-இல் தெற்கிலிருந்து வந்த மன்னன் முர்கெர்ட்டாக் ஓ பிரையன் அதை இடித்து, சிப்பாய்க்கு ஒரு கல்லாக எடுத்துப்போகச் சொன்னான் என்பது பழைய கதை. இப்போது நிற்பது பெரும்பாலும் 1870-களில் திரும்பக் கட்டியது. அதைவிட முக்கியம், டப்ளினிலிருந்து அங்கே போக மேப் காட்டும் குறுக்குவழி வட அயர்லாந்துக்குள் புகுந்து போகும். எல்லையில் யாரும் நிறுத்தமாட்டார்கள், பலகைகூடக் கண்ணில் படாது, ஆனால் அது பிரிட்டனைச் சேர்ந்தது, இந்திய பாஸ்போர்ட் என்றால் அயர்லாந்து விசாவில் பி.ஐ.வி.எஸ். (BIVS, இரண்டு நாட்டுக்கும் சேர்த்துச் செல்லும் ஏற்பாடு) என்ற குறிப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் தனி அனுமதி வேண்டும். ஷெங்கன் விசா அயர்லாந்துக்கே செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள்.

ஸ்லைகோ போக நேரம் கிடைத்தால் காரோமோரில் நின்று நாக்நரே குன்றைப் பாருங்கள், அதன் உச்சியில் ஐரிஷ் பழங்கதைகளில் வரும் ராணி மேவின் கல்குவியல் தெரியும், இன்னும் யாரும் தோண்டாதது. குன்றில் ஏறலாம், குவியல் மேல் ஏறாதீர்கள், கல் சரிகிறது. அதே மாதிரி பர்ரனில் கல்லை அடுக்கி விளையாடுவதும் கல்லறைக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் வேண்டாம். சுற்றுலா வருகிறவர்கள் அடுக்கிய குட்டிக் கோபுரங்களைக் கலைப்பதே இங்கே ஒரு வேலையாகிவிட்டது. வயல் கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். கணுக்கால் வரை மூடும் ஷூ கட்டாயம், ஈரச் சுண்ணாம்புப் பாறை வழுக்கும். குடை வேண்டாம், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும், ரெயின்கோட் போதும். கிராமத்து பப்களில் சமையலறையை எட்டு எட்டரைக்கே மூடிவிடுவார்கள், சைவம் என்றால் சூப்பும் பிரவுன் பிரெட்டும்தான் கதி, காரில் எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கார் எடுங்கள், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

கடைசி நாள் விமானம் சாயங்காலம் என்றால் டப்ளின் கில்டேர் தெருவில் தேசிய அருங்காட்சியகத் தொல்லியல் பிரிவுக்குப் போங்கள், நுழைவு இலவசம். நவுத்தில் கிடைத்த கல் கதாயுதத் தலை அங்கேதான் இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, உலோகமே இல்லாத காலத்தில் கடினமான தீக்கல்லில் சுருள் சுருளாகக் குடைந்தது, ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் வாய் திறந்த முகம் மாதிரி இருக்கும். ஞாயிறு, திங்களில் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள், அதைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.